கிராப்பும் நீலப் புடவையும்



மார்கழி பிறந்தால் கச்சேரிகளோடு ஒரு புலம்பலும் பிறந்துவிடுகிறது. சங்கீதம் கவர்ச்சிக் காட்சியாகிவிட்டது, போஸ்டரில் பாடகியின் படத்தைப் பார்த்துத்தான் டிக்கெட் விற்கிறது, முன்பெல்லாம் வித்வான்கள் வித்தையை மட்டுமே நம்பினார்கள் என்கிறார்கள். அந்த ‘முன்பெல்லாம்’ எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வருவதில்லை. 1930களும் 1940களும் நிச்சயமாக இல்லை.

நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சட்டை போடக் கூடாது, துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும், பெரிய மனிதர்கள் முன்னால் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்று நாகசுரக்காரர்களுக்கு விதித்திருந்த காலம் அது. அவர் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்துக்கொண்டார். ஷெர்வாணி அணிந்தார், நகைகள் மின்ன மேடையேறினார், வாய்ப்பாட்டு வித்வானுக்குச் சமமாக உட்கார்ந்து வாசித்தார். அவருடைய தோடி இசைத்தட்டு ஊர் ஊராகச் சுழன்றது. 1940இல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். இதையெல்லாம் ஆடம்பரம் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு. எனக்கு அந்த ஷெர்வாணி ஒரு மனுவாகவே தெரிகிறது. ‘என்னை எங்கே உட்கார வைக்கிறீர்கள்?’ என்று கேட்கும் மனு. அதை எழுதியவரும் அவர், கையெழுத்துப் போட்டவரும் அவர்.

பாடகர் ஜி.என்.பி.யின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சினிமாவில் துஷ்யந்தனாக வந்தார், மேடையிலும் துஷ்யந்தனாகவே இருந்தார். அதனால் அவருடைய பிருகாக்களின் மதிப்பு குறைந்ததாக யாரும் கணக்கெழுதவில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் கதை வேறு. 1916இல் மதுரையில், வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம். அவரும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியும் இளம் வயதில் மேனாட்டு இரவு உடையில், கையில் சிகரெட்டோடு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் உண்டு. இரண்டு பெண்கள் கூடிச் செய்த குறும்பு. பார்ப்பவர்கள் இன்றும் திடுக்கிடுகிறார்கள். அந்தத் திடுக்கிடலைக் கவனியுங்கள். நம் மனத்தில் வேறொரு எம்.எஸ். எவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த வேறொரு எம்.எஸ்.ஸை உருவாக்கியதில் பெரும்பங்கு அவருடைய கணவர் சதாசிவத்துக்கு உண்டு. ஆனந்த விகடனில் விளம்பரங்களைக் கவனித்தவர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1938இல் ‘சேவாசதனம்’, 1940இல் ‘சகுந்தலை’, அதே ஆண்டில் திருமணம். 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம். அந்த வருமானம் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க உதவியது. 1945இல் ‘மீரா’, 1947இல் அதன் இந்தி வடிவம். அத்தோடு சினிமா நின்றது. வேடம் கலைந்த பிறகும் மீரா மட்டும் கலையவில்லை. மூக்கின் இருபுறமும் வைர மூக்குத்தி, தலை நிறைய மல்லிகை, காஞ்சிபுரம் பட்டு, பக்கத்தில் தம்புரா, நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டும் கச்சேரிகள். ‘எம்.எஸ். நீலம்’ என்று ஒரு நிறத்துக்கே பெயர் வந்தது. 1963இல் சுப்ரபாதம் இசைத்தட்டு வெளிவந்தபின் அந்தக் குரல் வீட்டுப் பூஜையறைக்குள்ளும் போய்விட்டது. எந்தக் கச்சேரியில் எதைப் பாடுவது என்பதைக்கூட முன்வரிசையில் இருந்த சதாசிவமே தீர்மானித்தார் என்பது ஊரறிந்த செய்தி.

அந்த பக்தி போலி என்று நான் சொல்லவரவில்லை. அவர் பாட்டைக் கேட்ட யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் எளிமையும் இல்லறமும் பக்தியும் சேர்ந்த அந்தத் தோற்றம், தென்னிந்திய இசை உலகம் கண்ட மிகத் திறமையான விளம்பரம். திறமையான விளம்பரம் என்பதாலேயே அது விளம்பரமாகத் தெரியவில்லை. தேவதாசி மரபில் வந்த பெண்ணைச் சபாக்களின் நடுத்தர வர்க்கம் தயக்கமின்றித் தன்னவளாகக் கொள்ள ஒரு விலை கேட்டது. மதுரையில் அவர் வளர்ந்த வீட்டின் அடையாளங்கள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. ராஜரத்தினம் பிள்ளை ஆண் என்பதால் ஊரோடு சண்டை போட்டுத் தன் தோற்றத்தைத் தானே அமைத்துக்கொள்ள முடிந்தது. எம்.எஸ்.ஸுக்கு அதைப் பிறர் அமைத்துத் தந்தார்கள். கவர்ச்சி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று அளப்பதைவிட, அதை அமைக்கும் கை யாருடையது என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்றைய இளம் பாடகியிடம் செல்போன் இருக்கிறது. தன்னைத் தானே படமெடுத்துப் போட்டுக்கொள்கிறார். புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் தேடி வருகின்றன; சிலருக்குக் கச்சேரிச் சம்பாவனையைவிட அது பெரிய வருமானமாகவும் இருக்கலாம். இதில் எனக்கும் சங்கடம் உண்டு. ஒல்லியாகவும் சிவப்பாகவும் இருப்பவர்களையே அந்தக் கடைகள் தேடுகின்றன என்ற சங்கடம். ஆனால் அவரைக் குறைசொல்பவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் நீலப் புடவை. அது இயற்கையாக வளர்ந்தது, இது செயற்கை என்று நினைக்கிறார்கள். அதே மேடையில் பூவேலைப்பாடு செய்த பட்டு ஜிப்பாவோடு வந்து உட்காரும் பாடகரைப் பற்றி விமர்சகர்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. அவருடைய ராகத்தை மட்டும் எழுதுகிறார்கள். பாடகிக்கும் அந்தச் சலுகையைத் தரலாம்.