தேக்கா மேசையும் லினக்ஸ் பூட்டும்



ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா நிலைய உணவங்காடிக்குப் போய்ப் பாருங்கள். மேசை கிடைப்பதே பெரும்பாடு. ஒரு மேசையில் குடித்து முடித்த கோப்பை இருக்கிறது. 'ஆள் போய்விட்டார், எடுத்துவிடலாம்' என்று துப்புரவு ஊழியர் நெருங்குகிறார். அதே நொடியில் மறுபக்கமிருந்து கடைக்காரர் சுடச்சுட தே தாரிக்கோடு வருகிறார். பழைய கோப்பையை அகற்றிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு கைகளும் ஒரே கோப்பையை நோக்கி நீளுகின்றன. ஒருவர் கைக்குக் கோப்பை கிடைக்கிறது, இன்னொருவர் கைக்கு வெறும் காற்று.

மனிதர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கணினிக்கு அது தெரியாது. இல்லாத பொருளைத் தொட்டால் அது அப்படியே நிலைகுலைந்துவிடும்.

இதை 'ரேஸ் கண்டிஷன்' என்கிறார்கள். பந்தயம் என்றதும் மரினா பேயில் இரவில் சீறும் கார்கள் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரலாம். இந்தப் பந்தயத்தில் கோப்பை வாங்குபவர் எவரும் இல்லை. யார் முந்துவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதுதான் தலைவலி. ஆயிரம் முறை ஓடினாலும் பிழை தலைகாட்டாது; ஆயிரத்து ஒன்றாவது முறை கணினி படுத்துவிடும்.

தேக்காவில் சொன்ன கதை லினக்ஸிலும் நடந்தது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி முதல் பெரிய கணினிக் கூடங்கள் வரை அடித்தளமாக இருப்பது லினக்ஸ். அதன் உள்மையமான கெர்னலில், ஒரே கணினிக்குள் இருக்கும் மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 'யூனிக்ஸ் சாக்கெட்' என்ற வாசல்கள் உண்டு. மூடப்பட்டு, எவருக்கும் சொந்தமில்லாமல் இன்னொரு வாசலின் வரிசையில் சிக்கிக் கிடக்கும் வாசல்களைக் கூட்டிப் பெருக்கக் கெர்னலுக்குள்ளேயே ஒரு துப்புரவுப் பகுதி இருக்கிறது. மற்றச் செய்திகளை முந்திக்கொண்டு போகும் 'அவசரச் செய்தி' வசதியும் 2021இல் இந்த வாசல்களுக்குச் சேர்க்கப்பட்டது. கோப்பை என்று சொன்னோமே, அது இந்த அவசரச் செய்திதான்.

துப்புரவுப் பகுதி பழைய அவசரச் செய்தியை அகற்றி, அதன் இடத்தைக் காலி என்று குறிக்கிறது. எந்தப் பூட்டும் போடாமல் குறிக்கிறது. மறுமுனையோ இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அது புதிய அவசரச் செய்தியை அனுப்பினால் இருவரும் மோதுவார்கள். இதைக் கண்டுபிடித்துத் தெரிவித்தவர், சிங்கப்பூரின் ஸ்டார் லேப்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பில்லி ஜெங் பிங்-ஜோங். திருத்தத்தை 2024 மே மாதம் எழுதியவர் அமேசானில் பணியாற்றிய குனியுக்கி இவாஷிமா.

திருத்தம் என்ன? அவசரச் செய்தியைத் தொடும் எவராக இருந்தாலும், செய்தி வரிசைக்கு உரிய பூட்டை முதலில் கையில் எடுக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஓரிடத்தில் பூட்டிவிட்டு இன்னோரிடத்தில் விட்டுவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை. ஆகவே தொடும் இடம் ஒவ்வொன்றையும் தேடிப் பூட்ட வேண்டியிருந்தது. அதிலும் ஒரு சிறு தொல்லை. பூட்டுகளைக் கண்காணிக்கும் கருவி, இல்லாத ஆபத்தை இருப்பதாக எச்சரித்தது. அதை அமைதிப்படுத்த, ஓரிடத்தில் பழைய செய்தியை அழிக்கும் வேலையைப் பூட்டை விட்ட பிறகு செய்யும்படி தள்ளி வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தப் பிழை, இன்னொரு பிழையைச் சரிசெய்யப் போன இடத்தில் முளைத்தது! அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2024 பிப்ரவரியில், துப்புரவுப் பகுதி அவசரச் செய்திகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் நினைவகம் வீணாகிறது என்பதை கூகலின் தானியங்கிச் சோதனைக் கருவி காட்டிக்கொடுத்தது. அதைச் சரிசெய்தவரும் இதே இவாஷிமாதான். அந்தத் திருத்தத்தில் பூட்டு விடுபட்டது. அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. அந்த வரிகளைத் தனியே படித்தால் தவறு எதுவும் கண்ணில் படாது. இன்னொரு கோப்பில் இருக்கும் வரிகள் அதே நொடியில் ஓடுவதாகக் கற்பனை செய்து படித்தால்தான் தெரியும்.

அப்படிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உலகில் தனி மதிப்பு இருக்கிறது. 2025 மே மாதம் பெர்லினில் நடந்த 'பவுன்டூஓன்' போட்டியில் ஸ்டார் லேப்ஸ் குழு 320,000 அமெரிக்க டாலர் வென்று முதலிடம் பிடித்தது. லினக்ஸ் கெர்னலின் ஓட்டை ஒன்றும் அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது.