வேலை நடக்கும் ஊர்களில் ஒரு நாள்

(மூத்த குடிமக்கள் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வியட்நாம் போய்வந்ததைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஹாலாங் விரிகுடாவில் படகு, டா நாங் பக்கத்தில் பெரிய கைகள் தாங்கும் தங்கப் பாலம், இந்தப் படங்களெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. அதனால் நான் ஹனோய்க்கு வெளியே உள்ள கைவினைக் கிராமங்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. அடுத்த பிப்ரவரியில் நம்மில் 18 பேர் போவதாக இருக்கிறது. பயண ஏற்பாட்டாளர் கொடுத்திருக்கும் நிரலில் மூன்றாம் நாள் "கைவினைக் கிராமம் – 45 நிமிடம்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை மாற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை. முடிந்தால் மாதத்தையும் மாற்ற வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஹனோயின் பழைய நகரப் பகுதியில் தெருப் பெயர்கள் பலவும் "ஹாங்" என்று தொடங்கும். சரக்கு என்று பொருள். ஹாங் பாக் என்றால் வெள்ளித் தெரு, ஹாங் சியேவ் என்றால் பாய்த் தெரு. இந்தத் தெருக்காரர்கள் பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வெள்ளித் தெருவுக்கு வந்தவர்களில் பலரும் சாவ் கே என்ற ஒரே ஊர்க்காரர்கள். ஊருக்கு ஒரு தொழில், அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததாக நம்பப்படும் ஒரு முன்னோர், அவருக்கு ஊர்ப் பொதுக்கூடத்தில் வழிபாடு என்று அமைந்த ஊர்கள் அவை. 2008 ஆகஸ்டில் பக்கத்து ஹா தாய் மாகாணத்தை ஹனோயோடு இணைத்தார்கள். அந்த மாகாணத்துக்கு "நூறு தொழில் பூமி" என்றே பெயர். இப்போது ஹனோய் எல்லைக்குள் தொழில் நடக்கும் கிராமங்கள் 1,350 என்று நகர நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. 45 நிமிடத்தில் நமக்குக் காட்டப்போவது அதில் எது என்று நிரலில் எழுதவில்லை.

நானும் என் மனைவியும் இரண்டு நாள் போனோம். முதல் நாள் கிழக்கே, மறுநாள் தெற்கே.

கிழக்கே பாட் சாங். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து பாட் ட்ராங் என்று படிப்போம், அவர்கள் சொல்வது இப்படித்தான். நகரத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள், செந்நதிக் கரையில் இருக்கிறது. 1435-இல் எழுதப்பட்ட நில வரலாற்று நூலிலேயே கிண்ணம் செய்யும் ஊர் என்று குறிப்பிடப்பட்ட ஊர். பழைய சந்துகளின் செங்கல் சுவர்களில் வட்ட வட்டமாகக் கறை தெரிந்தது. விசாரித்தேன். நிலக்கரித் தூளையும் மண்ணையும் பிசைந்து, நம்மூரில் வறட்டி தட்டுவதுபோல் சுவரில் அறைந்து காயவைத்து, அதைத்தான் சூளையில் எரித்தார்களாம். இப்போது பெரும்பாலும் எரிவாயுச் சூளைகள். புகை போய்விட்டது, சுவர்க் கறை மட்டும் மிச்சம். அந்த ஊரின் வெள்ளைக் களிமண்ணும் எப்போதோ தீர்ந்துவிட்டது. வேறு மாகாணங்களிலிருந்து லாரியில் வருகிறது. மண்ணும் வெளியூர், நெருப்பும் புதுசு. ஆனால் மெருகு போடுகிற கை உள்ளூர்க் கை. மேற்பரப்பு முழுக்க மயிரிழை விரிசல் ஓடும் ஒரு மெருகு அங்கே பேர்போனது. உடம்பு மண்ணும் மேல்பூச்சும் ஒரே அளவில் சுருங்காதபடி கலவையை அமைத்து, வேண்டுமென்றே வரவழைக்கும் விரிசல் அது. உடைந்த சாமானை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று கடையில் யாரும் சண்டை போட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து டோங் ஹோ. மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் நாட்டுப்புற ஓவியங்களின் ஊர். காகிதத்தின்மேல் கிளிஞ்சல் பொடியைப் பசையோடு கலந்து பூசுகிறார்கள், அதனால் வெளிச்சத்தில் திருப்பினால் மினுமினுக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. சிவப்பு ஒருவகைச் சிவப்புக் கல்லிலிருந்து, கறுப்பு மூங்கில் இலைக் கரியிலிருந்து, மஞ்சள் ஒரு பூவிலிருந்து. ஒரு காலத்தில் வியட்நாமியப் புத்தாண்டான டெட் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு இந்தப் படங்களைப் புதிதாக வாங்கி ஒட்டுவார்கள். இன்று ஓவியம் அச்சிடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான்.

மற்ற குடும்பங்கள் என்ன ஆயின? வழிகாட்டிப் பெண் எங்களை அந்தத் தெருவில் வேகமாக நடத்திக்கொண்டு போனாள். என் மனைவிதான் ஒரு வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே தரை முழுக்கக் காகிதச் சட்டை, காகித மோட்டார் சைக்கிள், காகித வீடு. இறந்தவர்களுக்கு எரித்து அனுப்புகிற பொருள்கள். ஓவியம் விற்காமல் போனபோது, காகிதமும் பசையும் பழகிய அந்தக் கைகள் இதற்கு மாறிவிட்டன. ஹனோயின் ஹாங் மா தெருவில் தொங்குவது இந்த மாதிரிச் சரக்குதான். இதைப் பார்க்க யாரும் வருவதில்லை, "பாரம்பரியம்" என்று பலகையும் கிடையாது. ஆனால் ஊர் சாப்பிடுவது இதில். நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், எந்தத் தொழில் ஊரிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரி வாசலைத்தான்.

மறுநாள் தெற்கே. போகிற வழியில் வான் ஃபுக் பட்டுக் கிராமம். ஏற்பாட்டாளர்கள் நம்மை இறக்கிவிடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவின்மேல் வண்ணக் குடைகள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும். வரிசையாகக் கடைகள். தறிச் சத்தம் கேட்கும் பின்சந்து வரை நடந்தால்தான் நெசவைப் பார்க்கலாம், அதுவும் விசைத்தறி. கடையில் இருப்பதெல்லாம் அங்கே நெய்தது இல்லை. 2017-இல் ஹனோயின் பேர்போன பட்டு நிறுவனம் ஒன்று சீனத் துணிக்குத் தன் பெயரை ஒட்டி விற்றது வெளியே வந்து நாடே பேசியது. நம் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நூலை உருவி எரித்து, முடி கருகும் வாசனையா, பிளாஸ்டிக் வாசனையா என்று பார்த்துவிடுவார்கள். கடைக்காரர் நூல் உருவ விடவில்லை என்றால் அதுவே பதில்.

அதைத் தாண்டி, நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் சுவோங் கிராமம். கூம்புத் தொப்பி ஊர். வியட்நாம் என்றாலே நினைவுக்கு வருமே, அந்தத் தொப்பி. பனைக் குடும்பத்து இலை ஒன்றை வெயிலில் வெளுக்கவைத்து, சூடான இரும்புத் தகட்டின்மேல் வைத்துத் துணிப்பொதியால் அழுத்தித் தேய்க்கிறார்கள், நாம் சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல. கூம்புச் சட்டத்தில் 16 மூங்கில் வளையங்கள். உள்ளே ஓர் அடுக்கு இலை, நடுவில் மூங்கில் மடல், மேலே இன்னோர் அடுக்கு இலை, பிறகு தையல். வளையத்துக்கு வளையம் கண்ணுக்குத் தெரியாத தையல். தைப்பது அநேகமாகப் பெண்கள், அதுவும் வயதானவர்கள். கோயில் திண்ணை மாதிரி ஓர் இடத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டே தைத்தார்கள். இளையவர்கள் எங்கே என்று கேட்டோம். தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்களாம். அவர்கள் சந்திர மாதக் கணக்கில் 4, 10, 14, 20, 24, 30 ஆகிய நாள்களில் காலையில் தொப்பிச் சந்தை கூடுகிறது. நம் தேதி அதில் ஒன்றோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். அமாவாசையை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள், சரியாக வரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஊர். குவாங் ஃபூ காவ். ஊதுபத்தி ஊர். ஹனோய்க்குத் தெற்கே 35 கிலோமீட்டர்.

மூங்கில் மலை மாவட்டங்களிலிருந்து வருகிறது. இயந்திரத்தில் பிளந்து, சீவி, மெல்லிய குச்சியாக்குகிறார்கள். அடிப்பக்கத்தைச் சிவப்புச் சாயத்தில் தோய்க்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டையும் முற்றத்தில் நிறுத்தி ஒரு திருகு திருகுவார்கள் பாருங்கள், பூ மலர்வதுபோல் விரிந்து நிற்கும். காற்றும் வெயிலும் உள்ளே போக வேண்டும் என்பதற்காகச் செய்வது. தூரத்திலிருந்து பார்த்தால் முற்றம் முழுக்கச் செம்பருத்தி பூத்த மாதிரி. இந்தப் படம்தான் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. இப்போது சில வீடுகளில் குச்சிக் கட்டுகளை வியட்நாம் வரைபடம்போல் அடுக்கி, மேலேயிருந்து படம் எடுக்க ஏணியும் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் தலைக்கு 50,000 டாங் வாங்கினார்கள். நம் பணத்தில் அப்போது ஏறக்குறைய 170 ரூபாய்.

அங்கே ஓர் அம்மா எங்களைப் பார்த்து, இந்தியாவா என்று கேட்டார். ஆமாம் என்றதும் சாயம் போடாத வெறும் குச்சிக் கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது உங்கள் ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது" என்றார். வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள்.

நம் பூஜை அறை ஊதுபத்திக்கும் அந்த முற்றத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான். பல ஆண்டுகளாக இந்தியா மூங்கில் குச்சியையும், வாசனை ஏற்றாத வெறும் பத்தியையும் வியட்நாமிலிருந்து பெருமளவில் வாங்கியது. இங்கே வாசனைத் திரவத்தில் தோய்த்துப் பெட்டி போட்டார்கள். பெட்டியில் இருப்பது நம் ஊர்ப் பெயர். 2019 ஆகஸ்ட் 31 அன்று நம் அரசு ஊதுபத்தி இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கு இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியது. இங்கே பத்தி உருட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஏழைப் பெண்கள். அவர்களுக்காக எடுத்த முடிவு, அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த முடிவால் குச்சி தேங்கிப்போன முற்றம் ஒன்றில் நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயும் குச்சி கட்டுகிறவர்கள் பெண்கள்தான்.

படத்துக்குக் காசு வாங்குவது அதற்குப் பிறகு பெருகிய வருமானம் என்றார் அந்த அம்மா. இங்கே சிலர், "எல்லாம் வியாபாரமாகிவிட்டது" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஊர் என்றைக்கு வியாபாரமாக இல்லாமல் இருந்தது? மழை பெய்தால் குச்சி காயாது, படம் எடுக்கவும் யாரும் வர மாட்டார்கள். இரண்டு வருமானமும் ஒரே நாளில் நின்றுவிடும் என்பதுதான் அவருடைய கவலை.

மழை என்றதும் மாதத்துக்கு வருகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் வட வியட்நாமில் சிணுசிணுவென்று தூறிக்கொண்டே இருக்கும், முற்றத்தில் ஒரு குச்சியும் விரித்திருக்காது. தவிர, டெட் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதையொட்டி ஒரு வாரம் பட்டறைகள் மூடிக் கிடக்கும். நவம்பர், டிசம்பர் என்றால் வானம் தெளிவாக இருக்கும், டெட் பண்டிகைக்கான வேலையும் மும்முரமாக நடக்கும்.

ஆகவே என் யோசனை இது. 45 நிமிடக் கடை நிறுத்தம் வேண்டாம். ஒரு முழு நாள் ஒதுக்கி சுவோங், குவாங் ஃபூ காவ் இரண்டுக்கு மட்டும் போகலாம். இரண்டும் ஒரே திசை, அலைச்சல் குறைவு, தரை சமம், முழங்கால் வலிக்காரர்களும் வரலாம். பதினெட்டுப் பேரும் ஒரே முற்றத்தில் புகுந்தால் வேலை நின்றுபோகும், ஆறு ஆறு பேராகப் பிரிந்து போக வேண்டும். ஆள் வேலையில் இருக்கும்போது கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சாப்பாட்டுக்கு "சாய்" என்ற ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சைவம் என்று பொருள். இருந்தாலும் மீன் சாறு சேர்த்திருக்கிறதா என்று தனியாக ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஏற்பாட்டாளருக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று செயலாளர் சொன்னார். மாதத்தை மாற்றச் சம்மதிப்பவர்கள் இன்றைக்கே அவரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.