கிரகணமும் கர்ப்பிணியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கிரகணம் என்பதாகும். "இது என்ன பெரிய சங்கதி? கிரகணம் நிழலால் உண்டாகிறது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியுமே! இதற்கு ஒரு கூட்டமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தெரியும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் பரீட்சையில் நிழல் என்று எழுதி மார்க்கு வாங்கிய பிள்ளை, வீட்டுக்கு வந்தவுடன் தயிர்ப்பானையில் தர்ப்பையைப் போடுகிறதா இல்லையா என்பதே நம்முடைய கேள்வி.

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம் நேர்ந்தது. சந்திரன் 82 நிமிஷ நேரம் பூமியின் நிழலுக்குள் முழுவதும் புகுந்து செம்பு நிறமாய் நின்றது. அன்று கோயில்களைப் பூட்டினார்கள். அதில் நமக்கு ஆச்சரியமில்லை. ஆனால் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அன்று பகல் முழுதும் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்த சேதி என்ன? கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது என்பதுதானே! பாட்டியின் வாயிலிருந்தது பேத்தியின் கைப்பேசிக்குக் குடிபோயிருக்கிறதே ஒழிய, செத்துப்போய்விடவில்லை.

நம்முடைய வீட்டுச் சங்கதியையே சொல்லுகிறோம். நாம் பிறந்தது திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் ஒரு சிற்றூர். கிரகணம் வருகிறதென்றால் நம் வீட்டில் முதல்நாளே அமளி ஆரம்பமாகிவிடும். பிடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சுவரில் கரியால் எழுதிவைப்பார். பகல் கிரகணமானால் காலையிலேயே உண்டு தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியது மாட்டுத்தொட்டிக்குப் போகும். குடத்துத் தண்ணீரை எல்லாம் கொட்டிவிட வேண்டும். ஆனால் நெய்ச்சட்டி, ஊறுகாய் ஜாடி, அரிசிப்பானை இவைகளைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? ஆகவே அவைகளின்மேல் ஒரு தர்ப்பைப் புல்லைப் போட்டுவிட்டால் போதும். இதன் யோக்கியதையைச் சற்றுக் கவனியுங்கள். காசில்லாமல் கிடைக்கும் தண்ணீருக்கு மட்டும் தோஷம். காசு கொடுத்து வாங்கிய நெய்க்கு ஒரு புல்லிலேயே தோஷம் போய்விடும்!

யாருடைய நட்சத்திரத்தில் கிரகணம் பிடிக்கிறதோ அவர்கள் ஓலை நறுக்கில் சுலோகம் எழுதி நெற்றியில் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு என்று தானமும் கொடுக்கவேண்டும். பசி வானத்திலிருக்கும் பாம்புக்கு. உளுந்து போய்ச் சேர்ந்ததோ புரோகிதர் வீட்டுக்கு.

இவ்வளவிலும் சிறுபிள்ளைகளாகிய நமக்குப் பிடித்தமானது உலக்கை ஒன்றுதான். பாட்டி முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே உலக்கையை நிறுத்துவார். அது நின்றால் கிரகணம் பிடித்துவிட்டது, விழுந்தால் விட்டுவிட்டது என்று கணக்கு. தெருவே வந்து அதிசயமாய்ப் பார்க்கும்.

நிற்க, பாம்பு விழுங்குகிறது என்று சொல்லும் அதே வாய்தானே பிடிக்கும் நேரத்தை நாழிகைக் கணக்காய் முன்கூட்டிச் சொல்லுகிறது? பாம்புக்குப் பஞ்சாங்கம் பார்த்துப் பசிக்குமா? கணக்குப் போட்டவனுக்கு உண்மை தெரிந்தேயிருந்தது. கி.பி. 499-ல் ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே சூரியனைச் சந்திரனும், சந்திரனைப் பூமியின் நிழலும் மறைக்கின்றன என்று சொல்லியாய்விட்டது. 1825-ல் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தில் புதுச்சேரித் தமிழர் ஒருவரைப்பற்றிச் சொல்லுகிறார். அந்தப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் வைத்திருந்த வாய்ப்பாட்டைக் கொண்டே அவ்வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஆரம்ப நேரத்தில் அவர் கணக்குப் பிசகியது 4 நிமிஷந்தான்! நாம் அந்த மனிதரின் மூளையை மெச்சுகிறோம். ஆனால் சோழியில் வந்த கணக்கு பஞ்சாங்கத்தோடு நின்றுவிட்டது; வீட்டுக்குள் வந்ததெல்லாம் பாம்புதான்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். தண்ணீரைக் கொட்டினால் மறுபடி இறைத்துக்கொள்ளலாம். உளுந்து போனாலும் படி இரண்டு படிதான். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. அதைச் சொல்லவே வந்தோம்.

1980-ம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி சூரிய கிரகணம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பல இடங்களில் முழுதாய் மறைந்தது. நம் பக்கம் பகுதி கிரகணந்தான். நமக்கு அப்போது 9 வயது. நம்முடைய சின்னம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. மத்தியானமே அவரை நெல் கொட்டும் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஜன்னலுக்குச் சாக்கு. மாசி மாதத்துப் புழுக்கத்தில் சோறில்லை, தண்ணீரில்லை, கொல்லைப்பக்கம் போகவும் உத்தரவில்லை. அசையாமல் படுத்திருக்க வேண்டும், துரும்பைக்கூடக் கிள்ளக்கூடாது. சாயங்காலம் கிரகணம் விடும் தறுவாயில், அதுவரை வெற்றிலையில்லாமல் வாய் நமநமவென்றிருந்த பாட்டியே கதவைத் திறந்து, "ஒரு வெற்றிலையை மடித்துக் கொடடி" என்று கேட்டார். சின்னம்மா காம்பைக் கிள்ளி மடித்துக் கொடுத்தார்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு பிளந்திருந்தது. பாட்டி குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் சொன்ன முதல் வார்த்தை: "வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாளே பாவி!" வெற்றிலை கேட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிரகணம் விட்டபிறகா, விடுவதற்கு முன்பா என்றுமட்டும் வீடு முழுவதும் விசாரணை நடந்தது. குழந்தை முலைப்பால் உறிஞ்ச முடியாமல் தவித்தது. பாலாடைச் சங்கால் புகட்டினார்கள். சின்னம்மா குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியே தூக்கிப் போவார். டாக்டரிடம் காட்டலாம் என்று யாராவது சொன்னால், "கிரகண தோஷத்துக்குக் கத்தி வைத்தால் இன்னும் கேடு" என்று தடுத்துவிட்டார்கள். நாகர் கல்லுக்குப் பாலூற்றியே ஏழு வருஷம் போயிற்று. பிறகு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பிடிவாதமாய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன பிறகே அந்த உதடு தைக்கப்பட்டது. மூன்று மாதக் குழந்தையாயிருக்கும்போதே செய்திருக்கக்கூடிய சிகிச்சை அது.

தோழர்களே! ஒரு குழந்தையின் மேலுதடு தாய் வயிற்றில் எப்போது உருவாகிறது தெரியுமா? 4-வது வாரத்துக்கும் 7-வது வாரத்துக்கும் இடையில். அண்ணம் 6-வது வாரத்துக்கும் 9-வது வாரத்துக்கும் இடையில். அதாவது அந்தப் பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைக்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே நம் தங்கையின் உதடு பிளந்தபடியே உருவாகி முடிந்துவிட்டது. தாய் அன்று வெற்றிலையைக் கிள்ளினாலும் ஒன்றுதான், வாழைமரத்தையே வெட்டினாலும் ஒன்றுதான். உலகத்தில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. பரம்பரைக் கூறு, புகை, வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் என்று பல காரணங்களைக் கண்டிருக்கிறார்கள். கிரகணம் அதில் இல்லை.

"அப்படியானால் விசாரிக்கும்போதெல்லாம் ஒரு கிரகணம் அகப்படுகிறதே, அது எப்படி?" என்று கேட்பீர்கள். அகப்படாமல் எப்படி இருக்கும்? கிரகணக் காலம் ஏறக்குறைய 173 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டேயிருக்கிறது. கர்ப்பமோ 280 நாள். ஆகவே உலகத்தில் எந்தக் கர்ப்பிணியின் கணக்கிலும் எங்கோ ஒரு கிரகணம் விழுந்தே தீரும். உங்கள் கர்ப்பத்திலும் விழுந்திருக்கும், உங்கள் தாயார் கர்ப்பத்திலும் விழுந்திருக்கும். குழந்தை நன்றாய்ப் பிறந்தால் யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை. ஊனமாய்ப் பிறந்தால்தான் புரட்டுகிறார்கள். தகப்பன் அன்று என்ன கிள்ளினான் என்று இதுவரை எந்த வீட்டிலாவது கேட்டதுண்டா?

2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வளைய கிரகணம் நம் ஊரின்மேலேயே வந்தது. கோயமுத்தூர், ஈரோடு, கரூர், திருச்சி என்று காலையில் சூரியன் தங்க மோதிரமாய்த் தெரிந்தது. அதே காலையில் கர்நாடகத்தில் கலபுரகிப் பக்கம், ஊனம் தீருமென்று நம்பிக் குழந்தைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவைத்த கொடுமையும் பத்திரிகைகளில் வந்தது. நாம் பிள்ளைகளுக்குச் சூரியக் கண்ணாடி கொண்டுபோயிருந்தோம். சின்னம்மா வீட்டு மருமகள் அப்போது ஐந்து மாதம். அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? சின்னம்மாவேதான்! சூடுபட்டவரின் கையே சூடும் போடுகிறது. இந்த வழக்கத்தின் பலம் அவ்வளவு. நம் தங்கை, தையல் தழும்பு உதட்டில் இருக்க, தாயின் முன்னால் நின்று ஒரே கேள்விதான் கேட்டாள்: "நான் வயிற்றிலிருந்தபோது நீ கதவைச் சாத்திக்கொண்டுதானே அம்மா இருந்தாய்? என்னை என்ன காப்பாற்றிற்று?"

சின்னம்மா பதில் சொல்லவில்லை. சற்று நேரம் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய் நாதாங்கியை அவரே எடுத்தார். மருமகள் வந்து திண்ணையில் உட்கார்ந்து இட்டிலி தின்றாள். வேப்பமரத்தடியில் இலைகளுக்கிடையே விழுந்த வெளிச்சமெல்லாம் தரையில் சின்னச் சின்ன வளையமாய்க் கிடந்தன. பிள்ளைகள் அவற்றைக் கையில் ஏந்தி விளையாடினார்கள். பிறந்த குழந்தை சுகமாயிருக்கிறது. அதை நாம் ருசுவாகக் காட்டவில்லை. ஒரு குழந்தை நன்றாய்ப் பிறந்ததைக் காட்டி வாதாடினால் வைதிகர் வாதத்துக்கும் நம் வாதத்துக்கும் வித்தியாசமிராது. ருசு அந்த 7-வது வாரக் கணக்குத்தான்.

அடுத்த வளைய கிரகணம் 2031-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி தேனி, மதுரை, காரைக்குடி வழியாய் வருகிறது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. அது கிரகண நாளுக்கு மட்டுமல்ல, எந்த நாளுக்கும் பொருந்தும். கர்ப்பிணிக்கு வேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுங்கள். உதடு பிளந்த குழந்தை எந்த வீட்டிலாவது இருந்தால் தாயை விசாரிப்பதை விட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இன்று எத்தனையோ இடங்களில் இலவசமாகவே தைக்கிறார்கள்.

உலக்கையைப் பற்றிச் சொன்னோம். அதன் அடிப்பூண் தட்டையாயிருக்கிறது. பாரம் நடுவில் விழும்படி பொறுமையாய் நிறுத்தினால் என்றைக்கும் நிற்கும். இவ்வூர் அம்மையார் ஒருவர் தம் வீட்டு உலக்கையையும் தாம்பாளத்தையும் அனுப்பியிருக்கிறார். இதோ மேடையில் இருக்கின்றன. இன்றைக்குக் கிரகணம் எதுவும் இல்லை. நம்பாதவர்கள் மேலே வந்து நிறுத்திப் பார்க்கலாம். பெண்கள் முதலில் வரட்டும்.