அருகம்புல்லுக்கு நாற்பத்தைந்து நாள் லீவு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிரவுண்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, நம்ம ஷாமியானாவின் கால் பெனால்ட்டி ஏரியாவுக்குள் நட்டு நிற்பதுதான். கார்னர் பக்கம் இரண்டு வேன். கிரவுண்டைக் கெடுப்பது யார் என்று வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

என் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கேப்டனாக இருந்த வருஷம் ஐப்பசியில் நல்ல அடைமழை. பைனலைத் தள்ளி வைக்கச் சொன்னார் மார்க்கர் அண்ணாச்சி. "தம்பி, இப்ப மிதிச்சா அடுத்த ஐப்பசி வரைக்கும் இங்க புல்லு நிக்காது, பாத்துக்கோ" என்றார். "மழையில ஆடுனாத்தான் அண்ணாச்சி ஆட்டம்" என்று நான் அளந்தேன். ஆடினோம், ஜெயித்தோம். சித்திரையில் பார்த்தால் இரண்டு கோல் முகப்பும் சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தன. அங்கே டைவ் அடித்த நம் கீப்பர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். முழங்கைத் தழும்பை யாரும் போய்ப் பார்க்கலாம்.

அண்ணாச்சி சொன்னதன் அர்த்தம் பிற்பாடுதான் விளங்கியது. ஈரமண்ணை மிதித்தால் மண்ணுக்குள் இருக்கும் காற்று இடைவெளி நசுங்கிவிடும். அப்புறம் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. மெஷின் போட்டு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மேலோடு ஓடிவிடும். இதில் இன்னொரு சிக்கல், கிரிக்கெட் பிட்சுக்கு மண் இறுக வேண்டும், கால்பந்துக்கு இளக வேண்டும். நாமோ ஒரே கிரவுண்டில் இரண்டையும் ஆடி, மேலே என்.சி.சி. பரேடும் ஸ்போர்ட்ஸ் டேயும் நடத்துகிறோம்.

இந்தத் தகராறு பெரிய இடத்திலும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், கொச்சி நேரு ஸ்டேடியத்தில் 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக் கால்பந்துக்காகப் புதுப் புல்தரை போட்டார்கள். மறு வருஷமே இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் கிரிக்கெட்டை அங்கே நடத்தப் பேச்சு வந்தது. நடுவில் பிட்ச் போட வேண்டுமே! கால்பந்து ரசிகர்கள் கொதித்தார்கள். சச்சின் டெண்டுல்கரே புல்தரைக்காகக் குரல் கொடுத்தார். கடைசியில் 2018 நவம்பர் 1 ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. நமக்குப் பரிந்து பேச சச்சின் வரமாட்டார்.

பேசாமல் செயற்கைப் புல் போட்டுவிடலாம் என்கிறார் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் நண்பர். நல்ல எண்ணம்தான். ஆனால் நம்ம ஊர் மே மாத வெயிலில் அது 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். சுமார் பத்து வருஷத்தில் தேய்ந்தும் போகும். பெர்முடா புல் என்று பெரிய ஸ்டேடியங்களில் போடுகிறார்களே, அது நம்ம அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதேதான். அதில் ஒட்டுரகங்களும் உண்டு. வெயிலைத் தாங்கும், தரையோடு கொடி ஓட்டித் தானே காயத்தை மூடும். நிழலும் ஓயாத மிதியும்தான் அதற்கு ஆகாது.

ஆகவே நான் கேட்பது அக்டோபர் நடுவிலிருந்து நாற்பத்தைந்து நாள் கிரவுண்டைப் பூட்ட வேண்டும் என்பதுதான். வடகிழக்குப் பருவமழையில் புல் தானாகப் பரவும். மிதித்தால் அதிகம் கெடுவதும் அப்போதுதான். மழைக்கு முன்னால் கம்பியால் அரைச் சாண் ஆழம் குத்தி, சலித்த மணலைத் தூவலாம். (தாமிரபரணிக்கு லாரி அனுப்பிவிடாதீர்கள், ஆறு ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறது. எம்-சாண்டே போதும்.) புல் வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மண்டல ஆட்டங்கள் அந்தச் சமயம் வருவது எனக்கும் தெரியும். இந்த வருஷ டீம் வெளி கிரவுண்டில் ஆட வேண்டிவரும். அவர்களுக்கு இது நஷ்டம்தான், மறைக்கவில்லை.

அண்ணாச்சி ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கேலரி கட்ட நம்ம பேட்ச் திரட்டிய தொகையில் மூன்று வருஷத்துக்கு ஒரு மார்க்கரின் சம்பளத்தைக் கொடுக்கலாம் என்று மாலை பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். கேலரி வேண்டும் என்பவர்கள் எதிர்த்துப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால், வேன் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் கொஞ்சம் எழுந்து வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வாருங்கள்.