உயிர்ப்பும் தழும்பும்



உயிர்ப்புப் பெருவிழா என்றதும் நள்ளிரவு மணியோசையும் புத்தாடையும் விருந்துமே பிறர் நினைவில் தோன்றும். கிறித்து பிறப்பு விழாவுக்கு உள்ள ஆரவாரம் இதற்கு இல்லை. ஆயினும் காலத்தால் மூத்த விழா இதுவே. கி.பி. 325-இல் நைசீயாவில் கூடிய பொதுச்சங்கம் இதன் நாளைக் குறித்து ஆராய்ந்தது. இளவேனிற் சமநாளை ஒட்டிவரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பதே இன்றளவும் கணக்கு. தமிழகக் கத்தோலிக்கர் நாவில் வழங்கும் ‘பாஸ்கு’ என்னும் சொல்லின் வேர், யூதர் தம் அடிமைத்தளை நீங்கியதைக் கொண்டாடும் ‘பெசாக்’ விழாவின் பெயரில் உள்ளது.

இவ்விழாவின் உட்பொருளை வெற்றிமுழக்கம் என்று எளிதில் சொல்லிவிடுவதுண்டு. நற்செய்தி நூல்களைப் படித்தால் அங்கே முழக்கம் கேட்கவில்லை, நடுக்கமே தெரிகிறது. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய படிகளான சினாய்ப் படியும் வத்திக்கான் படியும், கல்லறைக்குச் சென்ற பெண்கள் அஞ்சி ஓடி, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததோடு நின்றுவிடுகின்றன. லூக்கா எழுதியதில் பெண்கள் சொன்னதைச் சீடர்கள் வெற்றுப் பேச்சென்று தள்ளுகின்றனர். யோவான் எழுதியதில் மகதலா மரியா தம் முன் நிற்பவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணுகிறார். தம் பெயரைச் சொல்லி அழைத்த பின்னரே கண்டுகொள்கிறார். பெண்களின் சான்று பெரிதும் மதிக்கப்படாத காலம் அது. அக்காலத்தில் கற்பனையாக ஒரு வெற்றிக்கதை புனைய விரும்பியவர் எவரும் முதற்சான்றாகப் பெண்களை நிறுத்தியிருக்க மாட்டார். நான்கு நூல்களும் பெண்களையே முதலில் நிறுத்துகின்றன.

சீடர்களோ கதவைத் தாழிட்டுக்கொண்டு அறைக்குள் இருக்கின்றனர். அங்கே வந்து நின்ற இயேசு தம் அடையாளமாகக் காட்டியவை ஒளியும் அல்ல, முடியும் அல்ல. ஆணி துளைத்த கைகளும் ஈட்டி பாய்ந்த விலாவுமே. அன்று உடன் இல்லாத தோமா அத்தழும்புகளைக் காணாமல் நம்ப மறுத்தார். பரங்கிமலையும் மயிலாப்பூரும் மரபுவழியாகப் போற்றும் இத்தோமாவை ஐயப்பேர்வழி என்று இகழ்வது முறையன்று. இறப்பதாயினும் உடன் செல்வோம் என்று முன்னரே துணிந்து சொன்னவர் அவர். ஒரு வாரம் கழித்து இயேசு வந்து தொட்டுப்பார்க்க அழைத்தபோது அவர் தொட்டதாக யோவான் எழுதவில்லை. காயத்துள் விரலை நுழைத்தவராக அவரைத் தீட்டியது இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் தூரிகை. தழும்பைக் கண்டதே தோமாவுக்குப் போதுமானதாயிற்று.

தழும்பைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. விழுப்புண் படாத நாளை வீண்நாள் என்று ஒதுக்கும் வீரனைத் திருக்குறள் காட்டும். வெண்ணிப் போரில் கரிகாலனுக்கு எதிர்நின்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் உண்டான புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்ததைப் புறநானூறு பேசும். நம் மரபில் மார்பின் புண் பெருமை, முதுகின் புண் இழிவு. இயேசுவின் புண்களை இவ்விரண்டனுள் எதில் சேர்ப்பது? உரோமர் ஆட்சி அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் விதித்த இழிசாவு சிலுவை. படைக்கலம் ஏந்தாத கையில் விழுந்த ஆணித்துளை விழுப்புண் ஆகாது. பெருஞ்சேரலாதன் மறைக்க விரும்பியிருக்கக்கூடிய வகைப் புண் அது. அதனையே கைநீட்டிக் காட்டினார் என்பதில்தான் நற்செய்தியாளரின் புதுமை இருக்கிறது. வீழ்ந்த வீரனுக்கு நாம் நடுகல் நட்டோம். இங்கே கல் புரட்டப்பட்டுக் கிடக்கிறது. உள்ளே எவரும் இல்லை. ஆனால் புண் மட்டும் மறையவில்லை.

இதனைத் திருச்சபை வழிபாட்டிலும் காத்துவந்துள்ளது. உயிர்ப்பு இரவில் விளக்கணைத்த கோயிலினுள் புதுநெருப்பில் ஏற்றிய பாஸ்கா திரியை முதலில் கொண்டுவருவர். அதன் மேனியில் அவ்வாண்டின் எண்களும் கிரேக்க மொழியின் முதல், இறுதி எழுத்துகளும் பொறிக்கப்படும். நடுவில் வரையும் சிலுவையில் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிப்பர். அவை ஐந்து காயங்கள். காயம் பதித்த அத்திரியிலிருந்தே கோயில் முழுவதும் கைத்திரிகள் ஒவ்வொன்றாக ஒளிபெறும்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும் விடுதிகள் சிலவற்றிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புக்கு வந்த தமிழ்ச் சிறுவர்களும் மாண்டவர்களுள் இருந்தனர். நம்பிக்கை என்பதை மேடைச்சொல்லாகப் பேச எவர்க்கும் நாவெழாத நாள் அது.

அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28. அச்சத்தால் கத்தோலிக்கக் கோயில்களில் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தத்தம் வீடுகளில் இருந்தவாறு தொலைக்காட்சியில் கண்டனர். உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கு ஆண்டுதோறும் விதிக்கப்பட்டுள்ள வாசகம் யோவானின் இருபதாம் அதிகாரப் பகுதியே: தாழிட்ட கதவு, உள்ளே அஞ்சியிருக்கும் சீடர்கள், தழும்பு காட்டும் இயேசு, தோமா. அவ்வாண்டு அதனை எவரும் தேர்ந்து வைக்கவில்லை. நாட்காட்டி கொண்டுவந்து வைத்தது. இத்தனை ஆண்டுகள் கேட்டுப் பழகிய பகுதியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டதுபோல் கேட்டவர்கள் அத்தீவில் இருந்திருப்பர்.

கட்டுவாப்பிட்டிக் கோயில் அவ்வாண்டு ஜூலை 21 அன்று, மூன்று திங்கள் கழித்து, மீண்டும் திறக்கப்பட்டது. குண்டு வெடித்தபோது அங்கிருந்த உயிர்த்த கிறித்துவின் சிலைமீது குருதித் துளிகள் தெறித்திருந்தன. கூரையைப் புதுக்கினர், சுவரைப் புதுக்கினர். அச்சிலையை மட்டும் கழுவவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் அத்துளிகளோடு வைத்திருக்கின்றனர்.