அலமாரியில் தூங்கும் பழைய டச் போன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு எதையாவது பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் சார் சொன்னார். அதனால் இதைக் கையோடு கொண்டுவந்தேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? நோக்கியா 5233. 2010இல் வந்த மாடல். இங்கே பாதிப் பேர் வீட்டில் இதுவோ இதன் அண்ணன் 5800ஓ இருந்திருக்கும். பலர் வீட்டு அலமாரியில் இன்னமும் இருக்கும்.

இது என் மனைவியின் போன். இன்றைய போன் மாதிரி விரலால் தடவினால் இதற்குப் புரியாது. திரையில் இரண்டு அடுக்கு உண்டு. அழுத்தினால்தான் அவை ஒன்றையொன்று தொடும். அதனால் நகத்தால் அழுத்த வேண்டும், அல்லது குச்சியால் குத்த வேண்டும். பட்டியலில் ஒரு பெயரை ஒரு தடவை தொட்டால் தேர்வாகும், இன்னொரு தடவை தொட்டால்தான் திறக்கும். என் மனைவி வளையல் ஊக்கின் மழுங்கிய பக்கத்தால் தட்டுவாள். நான் கேலி செய்வேன்.

2014இல் ஒரு ஆபரேஷனுக்காக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. அன்று இரவு எல்லோருக்கும் சொல்ல வேண்டுமே. அவள் போனில் சார்ஜ் இல்லை, சார்ஜரையும் காணவில்லை. அவசரத்தில் சிம்மைக் கழற்றி என்னுடைய பட்டன் போனில் போட்டேன். பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்று விடாமல் கூப்பிட்டோம். எல்லோருக்கும் சொல்லிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து சார்ஜர் கிடைத்தது. சும்மா பார்க்கலாம் என்று இந்தப் போனை உயிர்ப்பித்தேன். சிம்மில் இல்லாத பெயர்கள் இதில் நிறைய இருந்தன. அதில் ஒன்று அவளுடைய பள்ளித் தோழி. திருநெல்வேலியில் இருக்கிறார். இன்பாக்ஸில் அவருடைய மெசேஜ், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் காலையில் வந்தது: ‘ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு.’ தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்.

உடனே கூப்பிட்டேன். “நாலஞ்சு தடவை போட்டேன் அண்ணா, சுவிட்ச் ஆஃப்னே வந்துது. உடம்பு தேறினதும் அவளே கூப்பிடுவான்னு இருந்துட்டேன்” என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “முகத்தையாவது பார்த்திருப்பேனே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். அந்தக் காலப் போனில் ஒரு நம்பர் இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும்: சிம்மில் அல்லது போன் மெமரியில். சிம்மில் பொதுவாக 250 பெயர் வரை அடங்கும், அதுவும் சின்னப் பெயரும் நம்பரும் மட்டும். ஒரே ஆளுக்கு வீட்டு நம்பர், ஆபீஸ் நம்பர், பிறந்த நாள் என்று சேர்த்து வைத்தால் அது போன் மெமரியில்தான் இருக்கும். தோழியின் பிறந்த நாளை என் மனைவி குறித்து வைத்திருந்தாள். அவள் அக்கறையாகச் சேமித்த பெயர்தான் சிம்மில் இல்லாமல் போயிற்று.

இதே விஷயம் மறுபக்கமாகவும் நடக்கும். சின்ன சிம் வேண்டும் என்று கடையில் மாற்றினீர்கள் அல்லவா? புது சிம் காலியாகத்தான் வரும். பழைய சிம்மில் இருந்த பெயர்கள் அதிலேயே இருக்கும். லைன் செத்துப் போயிருந்தாலும், வேறொரு போனில் போட்டால் பெயர்களைப் படிக்கலாம். அதனால் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, வீட்டில் இப்படி ஒரு போன் இருந்தால் என்ன செய்யலாம்?

முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. இந்த மாடலுக்கு பி.எல்.-5ஜே என்று ஒரு பேட்டரி, கழற்றி மாட்டக்கூடியது. சார்ஜர் மெல்லிய குண்டூசி முனை. ரிப்பேர் கடைக்குக் கொடுத்தால், “சாஃப்ட்வேர் போடாதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

இரண்டாவது, பெயர்கள். ஒரு மெமரி கார்டு போட்டு, கான்டாக்ட்ஸ் திறந்து, எல்லாப் பெயரையும் மார்க் செய்து, ஆப்ஷன்ஸில் காப்பி என்பதில் மெமரி கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு வி.சி.எஃப். கோப்பாகக் கார்டில் விழும். இன்றைய ஆண்ட்ராய்டு போனுக்கும் கூகுள் கான்டாக்ட்ஸுக்கும் அந்தக் கோப்பு புரியும். இருபது பெயர்தான் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிவிடுவதே சுலபம்.

மூன்றாவது, மெசேஜ்கள். பெயரைக் காப்பி செய்தால் மெசேஜ் கூட வராது. ஃபார்வர்டு செய்தால் யார், எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பது போய்விடும். நான் ஒவ்வொன்றாகத் திறந்து, திரையை இப்போதைய போனில் போட்டோ எடுத்தேன். தேதி, நேரம், பெயர் எல்லாம் படத்திலேயே இருக்கிறது. மூன்று சாயங்காலம் ஆயிற்று.

அப்போது ஒன்று கவனித்தேன். அந்த நாளில் ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70தான். அதைத் தாண்டினால் இரண்டு மெசேஜ் காசு. அதனால்தான் எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தோம். அவள் எனக்கு அனுப்பியவை எல்லாம் நாலு வார்த்தைதான். ‘பால் வாங்கிட்டு வாங்க’, ‘மாத்திரை போட்டாச்சா’. அன்று படித்துவிட்டு உடனே அழித்திருக்கிறேன். இன்பாக்ஸ் நிறைந்துவிடுமாம்! என் போனில் அவளுடைய மெசேஜ் ஒன்றுகூட இல்லை. அவள் போனில் சென்ட் பெட்டியில் இருந்தவை மட்டும்தான் மிஞ்சின.

கடைசியாக ஒன்று. இப்போது நம் கையில் இருக்கும் போன் இதைவிட மோசம், ஏனென்றால் பூட்டியிருக்கிறது. நாளைக்கே நமக்கு ஏதாவது ஆனால், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியுமா? 108ஐ யார் வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். உங்கள் பள்ளித் தோழரை யார் கூப்பிடுவார்கள்? ஒரு தாளில் பத்துப் பெயர், பத்து நம்பர் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பக்கத்து ஃப்ளாட்டில் ஒருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணி முதல் சங்க அறையில் இருப்பேன். பழைய போனையும் சார்ஜரையும் கொண்டுவாருங்கள். சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னிடம் இருக்கிறது. இனி அதைத் தொலைக்க மாட்டேன்.