சந்தேகம் இல்லாத வகுப்பு



இணையவழி வகுப்பில் ஆசிரியர் முதலில் கேட்பது, "நான் பேசுறது கேட்குதா?" உடனே "எஸ் சார்" என்று பத்துப் பேர் தட்டிவிடுவார்கள். அடுத்த ஒரு மணி நேரம் அவர் மட்டுமே பேசுவார். கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு நாம் உட்கார்ந்திருப்போம். முடிவில், "சந்தேகம் ஏதாவது?" என்பார். "நோ சார், தேங்க்யூ சார்" என்று வகுப்பு கலையும்.

தொலைதூரக் கல்வி நமக்குப் புதிதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. பாடங்கள் தபாலில் வந்தாலும், தொடர்பு வகுப்புக்கு பஸ் ஏறிப் போனவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பழக்கமும் கிடைத்தது. தெரியாததை அவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். இணையத்தில் அந்தப் பழக்கத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

மாணவர் பாடத்தோடு பழகுவது, ஆசிரியரோடு பேசுவது, சக மாணவரோடு கலந்து பேசுவது என்று மூன்று உறவுகளைத் தொலைதூரக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர் 1989-ல் பிரித்துக் காட்டினார். வெறும் வீடியோ பார்ப்பவருக்கு இவற்றில் முதலாவது மட்டுமே வாய்க்கிறது.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் இணையவழிப் படிப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. பொதுவாக அதற்கு 25 சதவீத மதிப்பெண். மீதி 75 சதவீதம், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. அசைன்மென்ட் விடைகளைச் சிலர் டெலிகிராமில் தேடி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த 25 வந்துவிடும். தேர்வு மையத்தில் கை நின்றுவிடும். அதே படிப்பில் கேள்வி கேட்கவென்றே ஒரு பகுதி இருப்பதைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "பாடம் புரியலை சார்" என்றால் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? "மூன்றாம் வாரம், இரண்டாவது வீடியோவில், இந்தச் சமன்பாட்டின் அடுத்த வரி எப்படி வந்தது?" என்று எழுதுங்கள். அவர் பதில் சொல்வதற்குள் சக மாணவர் ஒருவரே விளக்கிவிடக்கூடும். விளக்கியவருக்கும் பாடம் உறுதிப்படும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கால் மணிக்கு ஒருமுறை ஒரு சிறு கணக்கைக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். மைக்கில் பேசக் கூச்சப்படுகிறவரும், வீட்டுக்கு ஒரே போனை வைத்துப் படிக்கிறவரும் எழுதிப் பதில் சொல்ல அந்த அவகாசம் போதும்.

மாணவர்களே, இந்த வார வகுப்பில் ஒரு கேள்வியாவது கேளுங்கள். அடுத்தவர் கேட்ட ஒன்றுக்காவது பதில் எழுதுங்கள்.